அனுப்பிய துணுக்கு அங்கே ஓடவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள்

“அக்கா, நீங்க அனுப்புன கோடு ஓடல.”

இந்த வரி என் போனுக்கு வராத வாரம் குறைவு. எரர் என்ன, எந்தக் கணினி, எதுவும் கூட வராது. வெறும் ‘ஓடல’. நான் அனுப்பியது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை, பத்துப் பன்னிரண்டு வரிதான். ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களுக்கு வரிசையாகப் பெயர் வைக்கும், அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பைப் படித்துக் கூட்டும், அல்லது 30 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை அழிக்கும். மென்பொருள் வேலையில் இருக்கிற எல்லோரிடமும் இப்படிப்பட்ட துணுக்குகள் அஞ்சறைப்பெட்டி மாதிரி சேர்ந்திருக்கும். அவசரத்துக்குக் கை மாறும். கை மாறும்போதுதான் கெடும்.

துணுக்கின் கணக்கே தப்பாக இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்த வழியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் போய்ச் சேர்ந்த இடம் அதற்கு வேற்றூராக இருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது “எதிலிருந்து காப்பி எடுத்தே?” என்றுதான். எரர் என்ன என்பது அப்புறம்.

இதில் நிரல் வரி ஒன்றைக்கூட நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். எழுதினால் அதையும் காப்பி செய்து ஒட்டிவிட்டு “இதுவும் ஓடல அக்கா” என்பீர்கள்.

எதையும் தேடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எரர் காட்டும் வரியை மட்டும் அழித்துவிட்டு, அதையே பார்த்துப் பார்த்துக் கையால் அடியுங்கள். கையால் அடித்தது ஓடினால், கோளாறு வழியில் சேர்ந்த எழுத்துகளில் இருக்கிறது. கீழே உள்ள முதல் ஐந்து அறிகுறிகளைப் பாருங்கள். கையால் அடித்தும் அதே எரர் வந்தால் அவற்றைத் தாண்டிக் கீழே போய்விடுங்கள். ஒரு நிமிட வேலை, பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஒட்டியதும் சின்டாக்ஸ் எரர். ஆனால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மேற்கோள் குறிகளை உற்றுப் பாருங்கள். நேராக நிற்கிறதா, வளைந்திருக்கிறதா? நிரல் மொழிகளுக்குத் தெரிந்தது நேர்க்குறி. வேர்டில் அடித்தால் அது தானாக வளைந்துவிடும். ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் விசைப்பலகையே வளைத்துவிடுகிறது. வேர்ட்பிரஸ்ஸில் நிரலுக்கென்று உள்ள கட்டத்துக்குள் போடாமல் சும்மா பத்தியாகப் போட்டால், நேர்க்குறியாக எழுதியதும் படிக்கிறவருக்கு வளைந்துதான் தெரியும். அழகுக்காகச் செய்த ஏற்பாடு, நமக்கு ஆப்பு.

பைத்தான் 3 இந்த இடத்தில் நல்ல பிள்ளை. ‘இன்வேலிட் கேரக்டர்’ என்று சொல்லி, யூ+201சி என்று அந்தக் குறியின் யூனிகோட் எண்ணையும் காட்டிவிடும். லினக்ஸில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் என்ற ஷெல் அப்படி இல்லை. அதற்கு வளைந்த குறியும் இன்னொரு எழுத்துதான், வாயே திறக்காது. இடைவெளி உள்ள கோப்புப் பெயரை வளைந்த குறிக்குள் போட்டு அழிக்கச் சொன்னால் அந்தப் பெயர் இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளில் ஒன்று வேறொரு கோப்பின் பெயராக இருந்துவிட்டால் அழிவது அதுதான். விண்டோஸின் பவர்ஷெல்லோ வளைந்த குறியையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே அனுப்பியவர் “எனக்கு ஓடுதே” என்று சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை.

அதே கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் உண்டு. அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகள் ஒரே நீளக்கோடாகிவிடும். மூன்று புள்ளிகள் ஒரே எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். போனில் அடித்திருந்தால் வரியின் முதல் எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். வேறு தொகுதியை உள்ளே இழுத்துவரும் ‘இம்போர்ட்’ என்ற சொல்லைப் பெரிய ‘ஐ’யில் தொடங்கினால் பைத்தானுக்கு அது யாரோ. தமிழில் இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லை இல்லாததாலோ என்னவோ நம் கண்ணுக்கு இது சட்டென்று படுவதில்லை.

தீர்வு: எடிட்டரில் தேடி மாற்றுங்கள். ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று போய் ‘ஸ்மார்ட் பங்க்சுவேஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். போனில் நிரல் அடிக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஆனால் அந்தக் கட்டளை கணினியில் இருக்கிறது.

இடைவெளி போலத் தெரிவது இடைவெளியாக இல்லாமல் இருக்கலாம். இணையப் பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடுகிற ஒரு இடைவெளி உண்டு, எண் யூ+00ஏ0. பார்க்க அச்சு அசல் இடைவெளி. ஷெல்லுக்கோ அது சொல்லின் ஒரு பகுதி. அதனால் கட்டளையும் அதன் பின்னால் வருவதும் சேர்ந்து ஒரே சொல்லாகி, ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று பதில் வரும். மேக் விசைப்பலகையில் ஆப்ஷனை அழுத்தியபடியே ஸ்பேஸ் தட்டினாலும் இதுதான் விழும். வேகமாக அடிக்கிறவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் சூனியம் அது.

அகலமே இல்லாத யூ+200பி இன்னும் மோசம். இருப்பது தெரியவே தெரியாது. அம்புக்குறி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் போய்ப் பாருங்கள். ஓரிடத்தில் தட்டியும் கர்சர் நகராமல் நின்றால் பேய் அங்கேதான் இருக்கிறது.

லினக்ஸில் ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய ‘ஏ’ விருப்பத்தைக் கொடுத்துக் கோப்பைப் பார்த்தால் மறைந்திருப்பவை எல்லாம் வெளியே வரும். விஎஸ் கோட் எடிட்டர் 2021 இறுதியிலிருந்து இத்தகைய எழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எழுத்தின் திசையை மாற்றும் மறைகுறிகளை நிரலுக்குள் வைத்தால் மனிதர் படிப்பது ஒன்றாகவும், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் படிப்பது வேறாகவும் ஆகிவிடும் என்று காட்டினார்கள். ‘ட்ரோஜன் சோர்ஸ்’ என்று பெயர். கண்ணால் படித்துச் சரிபார்த்தேன் என்பது அன்றிலிருந்து முழு உத்தரவாதம் இல்லை.

அறிகுறி: ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’, கூடவே ஒரு ^எம்.

விண்டோஸில் சேமித்து லினக்ஸுக்குப் போன கோப்பு. தட்டச்சுப் பொறியில் வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ளுவதும் தாளை ஒரு வரி உருட்டுவதும் இரண்டு தனி வேலை. விண்டோஸ் அந்த இரண்டையும் இன்னும் தனித்தனிக் குறியாக வரி முடிவில் எழுதுகிறது. லினக்ஸுக்கு ஒன்று போதும். மிச்சம் இருக்கும் ஒன்று முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், இருக்கிற நிரலையே ‘இல்லை’ என்கிறது. விஎஸ் கோடில் வலது கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் (இரண்டு குறி) என்று இருப்பதைச் சொடுக்கி எல்எஃப் (ஒரு குறி) ஆக்கிச் சேமியுங்கள். குழுவாக வேலை செய்தால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஒருமுறை எழுதிவிடுங்கள், ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு ஒரு சின்னத் தம்பி உண்டு. நீளமான கட்டளையைப் பின்சாய்வுக்கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோவோம் அல்லவா? அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். முதல் வரி தனியாக ஓடும், இரண்டாம் வரி தனியாக எரர் தரும். ‘பாதி ஓடிச்சு’ என்று யாராவது சொன்னால் நான் வரியின் வாலைத்தான் பார்ப்பேன்.

அறிகுறி: இன்டென்ட் (வரியின் உள்தள்ளல்) தகராறு.

பைத்தான் 3 டேப்பும் இடைவெளியும் குழம்பிக் கிடந்தால் ‘டேப் எரர்’ என்று நின்றுவிடும். அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது. மேக்ஃபைலில் நேர்மாறு, டேப்தான் வேண்டும். இடைவெளியாக மாறியிருந்தால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று சொல்லும். நிரல்களைக் கட்டித்தரும் மேக் என்ற அந்தக் கருவியை (ஆப்பிளின் மேக் இல்லை) 1976இல் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன். டேப் வைத்தது சரியில்லை என்று அவருக்குச் சில வாரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்கள் கோப்புகள் உடைந்துபோகுமே என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக உலகமே இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறது.

எடிட்டரில் இடைவெளிகளைப் புள்ளியாகவும் டேப்பை அம்பாகவும் காட்டும் வசதியைப் போட்டுவிட்டுப் பாருங்கள். உள்தள்ளல் மொத்தமாகவே காணாமல் போயிருந்தால், அது வழியில் எங்கோ வெறும் எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஊகித்து நிமிர்த்தாதீர்கள். பைத்தானில் ஒரு வரி லூப்புக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வேறு வேறு விடை தரும், எரர் மட்டும் வராது. திரும்ப அனுப்பச் சொல்லுங்கள், இந்த முறை கோப்பாக.

அறிகுறி: ஒட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எரரும் இல்லை.

முதல் எழுத்து ஹேஷ் குறியா? முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் டெர்மினலில் வரி தொடங்குவதே ஹேஷ் குறியில்தான். வழிகாட்டிகளில் அதையும் சேர்த்தே அச்சிடுவார்கள். அதோடு காப்பி எடுத்தால் பேஷ் முழு வரியையும் குறிப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடும். சாதாரணப் பயனரின் டாலர் குறியைச் சேர்த்து எடுத்திருந்தால் ‘டாலர் என்ற கட்டளை இல்லை’ என்றாவது சொல்லும். பைத்தானின் மூன்று கூர்க்குறிகளும் இதே வகைதான். நீங்கள் அனுப்புகிறவராக இருந்தால் அந்தக் குறிகளை நீக்கி அனுப்புங்கள்.

ஆம்ப்பர்சண்ட் குறிக்குப் பின்னால் ‘ஏஎம்பி’ என்றும், சிறிது என்ற குறிக்குப் பதில் ‘எல்டி’ என்றும் வந்திருந்தால் யாரோ இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல் மூலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். மாற்றிவிட்டுப் போங்கள்.

இனி, கையால் அடித்தும் ஓடாதவை.

அறிகுறி: ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது.

‘நேம் எரர்’ என்றால் பெரும்பாலும் மேலே இருந்த இம்போர்ட் வரியை யாரோ விட்டுவிட்டார்கள். அனுப்பியவர் ஒரு ஃபங்ஷனை மட்டும் உருவி எடுத்திருப்பார், அது நம்பியிருந்த இன்னொன்று அவர் கோப்பிலேயே தங்கியிருக்கும். நாற்றைப் பிடுங்கும்போது வேர் மண்ணிலேயே நின்றுபோன கதை. அனுப்பும் முன் புதிய வெற்றுக் கோப்பில் ஒட்டி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது நடக்காது.

இம்போர்ட் இருந்தும் ‘இல்லை’ என்றால் பதிப்பு மாறியிருக்கும். ‘பிரிண்ட்’ அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, துணுக்கு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியிலிருந்து ‘மேப்பிங்’கை நேராக எடுப்பது 2021இல் வந்த 3.10இலிருந்து இல்லை. பைத்தானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் ஒரு அட்டவணையோடு இன்னொன்றைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’ 2023இல் வந்த 2.0இல் எடுக்கப்பட்டது, ‘கான்கேட்’ போடுங்கள். பழைய துணுக்கைத் திட்டாதீர்கள், எழுதிய அன்று அது சரியாகத்தான் இருந்தது.

ஷெல் துணுக்கு என்றால் கேள்வி எந்த ஷெல், எந்தக் கணினி என்பதுதான். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 முதல் ‘எஸ்எச்’ என்று கூப்பிட்டால் வருவது பேஷ் இல்லை, டேஷ் என்ற சின்ன ஷெல். இரட்டைச் சதுர அடைப்புக்குறி அதற்குத் தெரியாது. ‘பேஷ்’ என்றே சொல்லி ஓட்டுங்கள். ஆப்பிள் கணினியிலோ பேஷ் இருக்கும், ஆனால் 3.2. அதற்கு அடுத்த 4.0 முதல் பேஷின் உரிமம் ஜிபிஎல் 3 என்ற திறந்தமூல உரிமம் ஆனது. ஆப்பிள் அதைத் தொடவில்லை. 2019இல் கேட்டலினாவோடு இசட்ஷெல் என்ற வேறு ஷெல்லுக்கு மாறிவிட்டது. ஆக, பெயரை வைத்துத் தேடும் வரிசைகளை அறிவிக்கும் துணுக்கு லினக்ஸில் ஓடி, மேக்கின் பேஷில் ‘இன்வேலிட் ஆப்ஷன்’ என்று விழும்.

கோப்புக்குள்ளேயே சொல்லை மாற்றும் ‘செட்’ கட்டளையும் இப்படித்தான். சிறிய ‘ஐ’ விருப்பத்துக்குப் பின்னால் மேக்கில் ஒரு பின்னொட்டு கட்டாயம், லினக்ஸில் கட்டாயமில்லை. மேக்காரர் வெற்று மேற்கோள் ஒன்றைப் போட்டுச் சரிசெய்வார், அது லினக்ஸில் உடையும். லினக்ஸ்காரர் அதை எடுப்பார், மேக்கில் உடையும். இரண்டு பேரும் ஒரே கோப்பை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்ததை நான் ஒரு முழு மதியம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ‘ஐ’யோடு இடைவெளி விடாமல் புள்ளி பேக் என்று ஒட்டிவிட்டால் இரண்டு இடத்திலும் ஓடும், பழைய கோப்பின் நகலும் கிடைக்கும்.

அறிகுறி: ஓடுகிறது. விடை தப்பு.

மேலே சொன்னவை எல்லாம் தலைவலி, காய்ச்சல். இதுதான் ஆளைச் சாய்ப்பது. எரர் இல்லை என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தேதியில் ஒரு நாள் குறைகிறதா? ஜாவாஸ்கிரிப்டில் தேதியை எடுக்க எல்லோரும் கை மாற்றிக்கொள்ளும் ஒரு வழி உண்டு. தேதியை ஐஎஸ்ஓ வடிவச் சரமாக (ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும் எழுத்துத் தொடராக) மாற்றி முதல் 10 எழுத்தை வெட்டுவது. சுருக்கமாக, அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சரம் உலகப் பொது நேரத்தில் வரும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நாட்காட்டிக் கட்டத்தில் ஒருவர் 15ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தால் நிரலுக்குக் கிடைப்பது 15ஆம் தேதி நள்ளிரவு. பொது நேரத்தில் அது 14ஆம் தேதி மாலை 6.30. வெட்டி எடுத்தால் 14. அமெரிக்காவில் இருந்து எழுதியவருக்கு நள்ளிரவு என்பது பொது நேரத்தில் அதே நாளின் காலை, அவருக்கு விடை சரியாக வரும். அவர் சோதித்துத்தான் பகிர்ந்திருக்கிறார்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதையே ‘இன்றைய தேதி’ எடுக்கவும் வைத்திருந்தோம். பகல் முழுக்க ஒழுங்காக இருந்தது. இரவுப் பணிக்கு வந்து காலை ஐந்தரைக்கு முன் கைரேகை வைத்தவர்களுக்கு மட்டும் வருகை முந்தின நாளில் ஏறியது. காலையில் நாங்கள் உட்கார்ந்து சோதித்தபோதெல்லாம் சரியாக இருந்ததால், மூன்று வாரம் கைரேகைக் கருவியைச் சந்தேகப்பட்டோம். பாவம், அதைக் கழற்றித் துடைத்தெல்லாம் பார்த்தோம்.

தீர்வு: ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்தில் தரும் ஃபங்ஷன்களால் தனித்தனியாக எடுத்துச் சேருங்கள். மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், ஒன்று கூட்ட மறக்காதீர்கள். பைத்தானில் 3.9 முதல் ‘சோன்இன்ஃபோ’ கூடவே வருகிறது. ஏஷியா கொல்கத்தா, ஏஷியா கொழும்பு என்று மண்டலத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நேர வித்தியாசத்தை முழு மணியாக வைத்துக்கொள்ளும் துணுக்கைக் கண்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அரை மணி கணக்கில் வாழும் நமக்கு அது ஆகாது.

ஆண்டு மட்டும் டிசம்பர் கடைசியில் தப்பாக வருகிறதா? ஜாவாவில் தேதி வடிவத்தில் ஆண்டுக்குப் பெரிய ‘ஒய்’ போட்டிருப்பார்கள். அது வாரக் கணக்கின் ஆண்டு. 2024 டிசம்பர் 30ஐ அது 2025 டிசம்பர் 30 என்று அச்சிடும். ஆண்டில் சில நாள் மட்டுமே தலைகாட்டும் பிழை, அதுவும் பாதிப் பேர் லீவில் இருக்கும்போது. சின்ன ‘ஒய்’ போடுங்கள்.

தொகையில் 1,234,567 என்று விழுகிறதா? மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி வைக்கும் பிரபலமான ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் குறிமுறை) துணுக்கு அது. நம் ஊர் பில்லில் 12,34,567 என்று வர வேண்டும். ரெகெக்ஸைத் திருத்த உட்காராதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ட்ல்’ என்ற பகுதியிடம் இந்திய மொழி அமைப்பைச் சொன்னால் லட்சம், கோடியாகப் பிரித்துத் தரும்.

பிரபலமாக இருப்பதாலேயே துணுக்கு சரி என்றும் ஆகாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010இல் வந்த ஒரு ஜாவா விடை, பைட் எண்ணிக்கையைக் கேபி, எம்பி என்று சுருக்கிக் காட்டும். அந்தத் தளத்திலிருந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்புக்கு அதிகம் காப்பி செய்யப்பட்ட ஜாவா துணுக்கு அதுதான் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. 999,999 பைட்டைக் கொடுத்தால் அது 1 எம்பி என்று சொல்லாமல் 1000 கேபி என்றது. எழுதியவரே 2019இல் பிழையைச் சொல்லித் திருத்தினார். காப்பி எடுத்தவர்களின் கோப்புகளை யார் போய்த் திருத்துவது? எடுத்த இடத்தின் முகவரியைத் துணுக்கின் தலையில் எழுதிவைத்தவர் மட்டும்தான் திரும்பப் போய்ப் பார்க்க முடியும். அந்தத் தளத்தில் உள்ளவை சிசி பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருப்பதால், முகவரி எழுதுவது எப்படியும் நம் கடமைதான்.

அறிகுறி: ஆங்கிலத்தில் சரி, தமிழில் உடைகிறது.

‘தமிழ்’ என்பதற்கு எத்தனை எழுத்து? குழந்தையைக் கேட்டால் மூன்று. பைத்தானைக் கேட்டால் 5, ஏனென்றால் மிகரத்தின் கொக்கியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் எண்ணினால் 15 பைட். சரத்தைத் திருப்பிப் போடும் துணுக்கு புள்ளியைத் தலையில் வைத்துத் தொடங்கும். ‘முதல் 4 எழுத்தை மட்டும் காட்டு’ என்ற துணுக்கு ‘தமிழ’ என்று நிறுத்தும். 10 பைட்டில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட வைரக்கட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

சொற்களைப் பிரிக்கும் ரெகெக்ஸ் இன்னும் வேடிக்கை. ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் அந்தச் சின்ன ‘டபிள்யூ’ பைத்தானின் உள்ளமைந்த ரெகெக்ஸில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகச் சேர்ப்பதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழே அதற்கு எழுத்தில்லை. பைத்தானில் தனியாக நிறுவும் ‘ரெகெக்ஸ்’ தொகுப்பில் பெரிய ‘எக்ஸ்’ போட்டால் கண் பார்க்கிற எழுத்தாகப் பிரிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ட்ல் செக்மென்டர்’ உண்டு.

தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது என்றால் மூன்று இடம் பாருங்கள். கொ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். அடுத்தது க்ஷ. அதைப் பிரித்துக் காட்ட இடையில் கண்ணுக்குத் தெரியாத யூ+200சி ஒன்றைச் சிலர் வைத்திருப்பார்கள். என்எஃப்சி அதை எடுக்காது, நாம்தான் நீக்க வேண்டும். மூன்றாவது ஸ்ரீ. முதலெழுத்தை ஸகரமாகவும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரமாகவும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீதரும் ஸ்ரீவித்யாவும் நிறைந்த ஊரில் பெயர்ப்பட்டியல் துணுக்கு எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே தீர்த்துவைக்க வேண்டும்.

விண்டோஸில் ‘சார்மேப்’ என்ற சொல்லோடு எரர் வந்தால், கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று சொல்லவில்லை என்று பொருள். பைத்தான் எழுதிய சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தெரிகிறதா? ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று மாற்றி எழுதுங்கள், கோப்பின் தலையில் ஒரு அடையாளக் குறி விழும், எக்செல் புரிந்துகொள்ளும். அதே கோப்பை வெறும் யூடிஎஃப்-8 என்று படித்தால் அந்தக் குறி முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, ‘பெயர் என்ற பத்தி இல்லை’ என்று அடம்பிடிக்கும். எழுதும்போது வைத்த சிக்கைப் படிக்கும்போதும் வையுங்கள்.

அறிகுறி: என்டர் தட்டுவதற்கு முன்பே ஓடிவிட்டது.

காப்பி எடுத்ததில் கடைசி வரிமுறிவும் சேர்ந்து வந்திருக்கிறது. பேஷ் 5.1 முதல் ஒட்டியதைத் தானாக ஓட்டாமல் நிறுத்திவைக்கிறது. பழைய சர்வர்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இணையப் பக்கம் நினைத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒன்று, கிளிப்போர்டில் விழுவது வேறொன்று என்றும் செய்ய முடியும். டெர்மினலில் ஒட்டுவதை முதலில் எடிட்டரில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். அழிக்கும் கட்டளை உள்ள எதையும் நான் இப்படிப் பார்க்காமல் ஓட்டுவதில்லை. சூடு பட்டிருக்கிறேன்.

அறிகுறி: அவனுக்கு நன்றாக ஓடுகிறது, பில் எனக்கு வருகிறது.

துணுக்கோடு உங்கள் ஏபிஐ சாவியும் (கட்டணச் சேவை உங்களை அடையாளம் காணும் ரகசியச் சரம்) போயிருக்கிறது. செய்தியை அழிப்பதில் நேரம் வீணாக்காதீர்கள். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதியது எடுங்கள், மற்றது அப்புறம். கிட்டில் ஏற்றியிருந்தால், வரியை நீக்கிப் புதிதாகக் கமிட் செய்தாலும் வரலாற்றில் அது இருக்கும். துணுக்குகளைப் பகிரும் கிட்ஹப் கிஸ்டில் ‘சீக்ரெட்’ என்று போட்டது தேடலில் வராது, அவ்வளவுதான். முகவரி தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம்.

நான் இப்போது எதை அனுப்பினாலும் தலையில் நாலு வரிக் குறிப்பு வைக்கிறேன். எந்த மொழி, எந்தப் பதிப்பு, எந்தக் கணினியில் ஓடியது; எதைக் கொடுத்தால் என்ன வரும் என்று ஒரு உதாரணம்; எங்கிருந்து எடுத்தேன்; கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டினேன். செய்தியாக அனுப்புவதில்லை, கோப்பாகவே அனுப்புகிறேன். ‘ஓடல’ குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

அறிகுறி: துணுக்கு ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருக்கிறது.

சின்ன ‘எல்’லா ஒன்றா, பெரிய ‘ஓ’வா பூஜ்யமா என்று உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பி அனுப்பி எழுத்தாகக் கேளுங்கள். அனுப்பியவர் மேலாளராக இருந்தாலும் கேளுங்கள். என்னுடைய மேலாளர் ஒருமுறை, கணினித் திரையைப் போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார், விளக்கின் ஒளி சரியாக எரர் வரியின் மேல் அடித்திருந்தது.